மீட்டரில் மிஞ்சிய தூரம்

பழனிவேலுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பெரம்பலூரில் டயாலிசிஸ் முடித்துக்கொண்டு திரும்பும் புவனேஸ்வரி, அரியலூரில் வீட்டு வாசல் வரும்வரை நிம்மதியாகக் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். அதற்கு வண்டி இரையாமல் ஓட வேண்டும். இந்தச் சின்ன ஆசைக்காக மனிதர் கடைத்தெருவில் பாதிப் பேரிடம் பைத்தியக்காரன் என்று பேர் வாங்கிக்கொண்டார்.

வேறு வண்டி வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று அவரைக் கேட்காதவர்கள் இல்லை. உரக்கடை வைத்திருப்பவருக்குப் புது வண்டி வாங்க வக்கில்லாமல் போய்விடவில்லை. ஆனால் கண்ணாடி ஏற்றிய ஏசி காரில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் புவனேஸ்வரிக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும். பழனிவேலின் அப்பா வாங்கிப் போட்ட பழைய அம்பாசிடரின் பின் சீட்டு ஒன்றுதான் அவளுக்கு ஒத்துக்கொண்டது. அதில் காலை நீட்டிப் படுக்கலாம், கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கலாம். என்ன, ஐம்பதைத் தாண்டினால் அந்த எஞ்சின் போடும் கூச்சலில் செத்த பிணம்கூட எழுந்து உட்காரும்.

அவள் சரியாகத் தூங்கி மூன்று வருஷம் ஆகிறது. அவர்களுக்கு ஒரே பிள்ளை, முத்தமிழ். காலேஜில் படித்துக்கொண்டிருந்தவன், கூட்டாளிகளோடு கல்குழியில் குளிக்கப் போனான். சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டுப் போன பள்ளங்கள் அரியலூரைச் சுற்றி எத்தனையோ கிடக்கின்றன. மழைத்தண்ணீர் நின்று, பச்சைப்பசேலென்று, பார்க்கிறவனை வா வா என்று கூப்பிடும். கூட்டாளிகள் எல்லாரும் கரையேறினார்கள். முத்தமிழை மறுநாள்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு புவனேஸ்வரி சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள், பிறகு உடம்பு வீங்கியது, பிறகு சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள்.

அந்தக் குழி பெரம்பலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும், ஜல்லி கொட்டிய ஒரு கப்பிச்சாலையின் கடைசியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக அந்த முனையைத் தாண்ட வேண்டும், வர மறுபடி தாண்ட வேண்டும். அந்த இடம் வந்தால் பழனிவேல் எதிரே வரும் சிமெண்ட் லாரியைப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்ப்பார், அந்தப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார்.

பெரம்பலூர் நாலு ரோட்டுக்கு அப்பால் அறிவரசனின் ஒர்க்ஷாப். பழைய கார்களைப் பிரித்து மேய்ந்து, அதைப் படமெடுத்து யூடியூபில் போட்டு, அதில் நாலு பேர் கைதட்டினால் அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாக இருக்கும் இளைஞன். அவன் தாத்தா, பழனிவேலின் அப்பாவுடைய காரைக் கண்டால் ரோட்டோரம் ஒதுங்கி நின்றவர். இப்போது பழனிவேல் அவன் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தார். இதில் பழனிவேலுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அறிவரசனுக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்திருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

அவன் விஷயத்தை நன்றாகவே விளக்கினான். அந்தக் காலத்து வண்டி, மூட்டை ஏற்றிக்கொண்டு மண் ரோட்டில் மேடேற வேண்டும் என்று செய்த வண்டி. பின் சக்கரங்களைச் சேர்க்கும் ஆக்சிலுக்குள் பினியன் என்று சின்னதாக ஒரு பல்சக்கரம், அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம் கிரௌன். எஞ்சின் ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்றினால்தான் பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். இழுவை அபாரம், ஆனால் வேகம் எடுத்தால் எஞ்சின் தலைதெறிக்க ஓடியாக வேண்டும், கூச்சல் அங்கிருந்துதான் வருகிறது. இதற்கு இரண்டு வழி உண்டு. எஞ்சின் நாலு சுற்றுச் சுற்றினாலே போதும் என்கிற மாதிரிப் பல் வைத்த வேறு கிரௌனும் பினியனும் போடலாம். அல்லது ஆக்சிலைத் தொடாமல், ஓவர்டிரைவ் என்று ஐந்தாம் கியர் உள்ள கியர்பாக்ஸ் மாற்றலாம். ஐந்தாவதில் போட்டுவிட்டால் எஞ்சின் பாதித் தூக்கத்தில் ஓடும்.

"ரெண்டுல ஒண்ணு போதும்ணே. ரெண்டையும் போட்டா சமதரையில சத்தமே இல்லாம ஓடும், ஆனா இழுவை செத்துரும். கூட ஒரு ஆள் ஏறுனா மேட்டுல மூச்சு வாங்கும்" என்றான்.

பழனிவேல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேட்டுக்கு நான் எங்கே போகப் போகிறேன், முப்பது கிலோமீட்டர் ரோட்டில் போய் முப்பது கிலோமீட்டர் ரோட்டில் வருகிறேன், இரண்டையும் போடு என்று ஒரே பிடியாக நின்றார். அவருக்கு வேண்டியது இழுவை இல்லையே.

அறிவரசன் இரண்டு ஆக்சில்களைக் காட்டினான். ஒன்று டாக்சியில் ஓடியது, கையால் சுற்றினாலே முனகியது. இன்னொன்றை அவன் ஒரு விரலால் தள்ளிவிட்டான். அது சத்தமே இல்லாமல் சுற்றியது, அவன் விரலை எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது எங்கே கிடைத்தது என்று பழனிவேல் கேட்டதற்கு, ஒரு இடத்தில் கிடைத்தது என்று சொல்லி அறிவரசன் வேறு பேச்சுக்குப் போனான். நல்ல பொருள் கண்ணில் பட்டால் நாம் யாருமே அதற்கு மேல் கேட்பதில்லை. பழனிவேலும் கேட்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. ஆக்சில் பல் மாறினால் கிலோமீட்டர் மீட்டரின் கணக்கும் மாறிவிடும். அதைச் சரிசெய்ய ஒரு சின்னப் பல்சக்கரம் வாங்கிப் போட வேண்டும். அறிவரசன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். முப்பது ஓடினால் இருபத்து நாலுதான் காட்டும், காட்டிவிட்டுப் போகட்டும், பின்னால் விற்கும்போது கம்மியாக ஓடிய வண்டி என்று நல்ல விலை போகும் என்றான். நம் ஜில்லாவில் வண்டி வாங்குகிறவன் எஞ்சினைத் திறந்து பார்க்கிறானோ இல்லையோ, மீட்டரைக் குனிந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டான். பழனிவேலுக்கு விற்கும் எண்ணமே இல்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டினார். பழக்கதோஷம்.

வண்டி தயாரானது. கல்லங்குறிச்சிக் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அடுத்த முறை புவனேஸ்வரியை அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். திரும்பும்போது உச்சி வெயில். வழியில் பேரளி ஊரைத் தாண்டி ஐந்தாம் கியரைப் போட்டார். எஞ்சின் சத்தம் அடங்கிப்போய், ஜன்னலில் காற்று அடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. சோதிப்பதற்காக ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்த்தார். வண்டி வேகம் குறையவில்லை. சரிவில் இறங்குகிற மாதிரி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அங்கே சரிவு எதுவும் கிடையாது. கண்ணாடியில் பார்த்தார். புவனேஸ்வரி வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். செலவழித்த ஒவ்வொரு காசும் தகும் என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்து அவருக்கு நினைவிருப்பது அரியலூர் ஊர் எல்லை. இடையில் ரோடு எப்படிப் போனது என்று நினைவில்லை. தினம் போகிற ரோட்டில் யாருக்கும் அப்படித்தான். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அறிவரசன் சொன்னது ஞாபகம் வந்து மீட்டரைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் மனதில் குறித்துக்கொண்ட எண்ணிலிருந்து இருபத்து நாலு கூடியிருக்க வேண்டும். முப்பத்து நாலு கூடியிருந்தது.

போனில் சொன்னதும் அறிவரசன் சிரித்தான். அப்படி வர வாய்ப்பே இல்லை, நீங்கள் எண்ணைத் தப்பாகப் பார்த்திருப்பீர்கள் என்றான். மறுநாள் அவனே அரியலூர் வந்து, சாவியை வாங்கி வண்டியைப் பெரம்பலூர்வரை தனியாக ஓட்டிப் போனான், தனியாகத் திருப்பி ஓட்டி வந்தான். போகும்போது இருபத்து நாலு, வரும்போதும் இருபத்து நாலு. பார்த்தீர்களா என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். பழனிவேல் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார்.

அடுத்த முறை புவனேஸ்வரியோடு திரும்பியபோது முப்பத்தொன்று காட்டியது. அறிவரசன் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான். முப்பத்து நாலு முப்பத்தொன்றாகக் குறைந்திருக்கிறது பாருங்கள், ஓட ஓடத் தானாகச் சரியாகிவிடும் என்றான். மெக்கானிக்குகளுக்குத் தெரியாத விஷயம் எல்லாமே ஓட ஓடச் சரியாகிவிடும் விஷயம்தான். பழனிவேலும் நம்பத்தான் பார்த்தார். ஏனென்றால் வீட்டில் நல்லது நடந்துகொண்டிருந்தது. புவனேஸ்வரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி நாள் வந்தால் முன்பெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறவள், இப்போது அவருக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றாள்.

ஆனால் டயர் மட்கார்டுகளுக்குள் வெள்ளைச் சேறு அப்பியிருந்தது. பெரம்பலூர் ரோட்டில் தூசி உண்டு, சேறு கிடையாது. மழை பெய்தும் நாளாகிவிட்டது.

மூன்றாவது முறை இருபத்தெட்டு. வீட்டுக்கு வந்து அவளை இறக்கிவிட்டுப் பின் கதவைச் சாத்தப் போனவர் சீட்டைப் பார்த்தார். அவள் தலை வைத்துப் படுக்கும் பக்கம் காய்ந்திருந்தது. கால்மாட்டில், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு, சீட்டு நனைந்திருந்தது. கையை வைத்து அழுத்தினார், தண்ணீர் பொங்கி வந்தது. அந்த வெயிலிலும் ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது. உள்ளே போய், சீட்டில் தண்ணீர் கொட்டிவிட்டாயா என்று மனைவியிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

புவனேஸ்வரி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"ஏன் தெரியாத மாதிரி கேக்குறீங்க? புள்ள ஒக்காந்துக்கிட்டு வந்தானே."

அவளே மேலும் சொன்னாள், அவருக்கு எல்லாம் தெரியும் என்கிற சாதாரணக் குரலில் சொன்னாள். இன்றைக்குக் கொஞ்சம் தெளிவாகப் பேசினான் இல்லையா, முதல் நாள் மாதிரி உதடு நடுங்கவில்லை இல்லையா என்று கேட்டாள்.

"நீங்கதானே எறங்கி அவன் தலைய தொவட்டி விட்டீங்க. எவ்வளவு நேரம் அழுதீங்க. இப்ப யாரோ மாதிரி நிக்கிறீங்களே."

பழனிவேல் தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். அது ஈரமாக இருந்தது. மூக்கில் வைத்தார். வியர்வை வாடை இல்லை. நெடுநாள் தேங்கிய தண்ணீரின் வாடை, சுண்ணாம்பும் பாசியும் கலந்த வாடை. அந்த வாடை அவருக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் பூராவும் அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தவர் அல்லவா.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தைவிட அதிகமாக இருந்தது பொறாமை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. அவள் பார்த்திருக்கிறாள், அவள் பேசியிருக்கிறாள், அது அவளுக்கு ஞாபகமும் இருக்கிறது. தானும் பார்த்திருக்கிறார், தன் கையாலேயே பிள்ளையின் தலையைத் துவட்டியிருக்கிறார். கை இங்கே இருக்கிறது, அதில் ஒன்றுமே மிச்சமில்லை. பெற்ற தகப்பனுக்கு இப்படி ஒரு தண்டனையா என்று இருட்டில் விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெரம்பலூர் போனார். அந்த ஆக்சில் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அறிவரசன் வழக்கம்போல நழுவப் பார்த்தான். பழனிவேல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் சொன்னான். ஒரு கல்குழியில் தண்ணீர் இறைத்தார்கள், பாதி இறைத்ததும் நடுவில் ஒரு படிக்கட்டு மாதிரி வெட்டில் பழைய கார் ஒன்று தெரிந்தது, கிரேன் வைத்துத் தூக்கினார்கள், எத்தனை வருஷமாகக் கிடந்ததோ, ஆனால் ஆக்சிலைத் திறந்தால் துரு ஒரு பொட்டு இல்லை, எண்ணெய் புதுசு மாதிரி இருந்தது, அதனால்தான் வாங்கினேன் என்றான். எந்தக் குழி என்று பழனிவேல் கேட்டார். அறிவரசன் இடத்தைச் சொன்னான். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இவர் பிள்ளை போனது அதே குழி என்பது அவனுக்கு முன்பே தெரியுமோ என்னவோ.

"கார் உள்ள ஆள் இருந்துச்சா தம்பி?"

அறிவரசன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"எடுத்துட்டுத்தான்ணே எனக்குக் குடுத்தாங்க."

பழனிவேல் கடைக்குத் திரும்பி வந்து, உர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க யோசிக்க எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. மீட்டரில் மிஞ்சிய தூரம் முறைக்கு முறை குறைகிறது. அறிவரசன் அதைச் சரியாகிறது என்கிறான். சரியாகவில்லை, நெருங்குகிறது. சீட்டை நனைக்கும் அது முதலில் குழிக்குள் இருந்தது, வண்டி அங்கே போக வேண்டியிருந்தது. பிறகு கொஞ்சம் மேலே. இப்போது ரோட்டுப் பக்கம் வந்துவிட்டது. அடுத்த முறை வண்டியில் ஏறி வீட்டுக்கே வந்துவிடும். வருவது யார்? பெயர் தெரியாத எவனோ ஒருவன் எத்தனையோ வருஷம் அந்தக் காருக்குள் தண்ணீரில் கிடந்திருக்கிறான். மகனை இழந்த ஒரு பெண் தன் பின் சீட்டில் படுத்துக்கொண்டு வருகிறாள் என்று தெரிந்தால் அவன் எந்த முகத்தைப் போட்டுக்கொண்டு வருவான்? நிச்சயம் முத்தமிழ் இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறான். இருக்கிற ஒருத்தியையும் தூக்கிக் கொடுக்க முடியாது. மகனை விட்டோம், இவளையும் விட்டுவிட்டு இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்ய என்று அவருக்கு அழுகை வந்தது.

மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் தடுப்பாள் என்று தெரியும். வண்டியில் சின்னக் கோளாறு என்று சொல்லி ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிப் போனார். பழைய ஆக்சிலையே திருப்பி மாட்டச் சொன்னார். ஐந்தாம் கியர் இருக்கட்டும் என்றார். கழற்றியதை யாருக்கும் விற்கக் கூடாது, என் கண் முன்னால் வெட்டிப் போடு என்றார். நல்ல பொருள் ஆயிற்றே என்று அறிவரசனுக்கு மனசு கேட்கவில்லை. பழனிவேல் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுக் கேஸ் கட்டரைப் பற்ற வைத்தான்.

கிரௌன் வெட்டுப்பட்டு இரண்டாகப் பிளந்தது. பினியனையும் துண்டாக்கினான். ஆக்சில் கூட்டைச் சாய்த்தபோது எண்ணெய் வடிய வேண்டிய இடத்தில் தண்ணீர் வடிந்தது. தெளிந்த பச்சைத் தண்ணீர். ஒரு குடம் தண்ணீர் பிடிக்காத கூட்டிலிருந்து கொட்டகைத் தரை முழுக்க ஓடி, வாசல் தாண்டி ரோட்டோரம்வரை போனது. அறிவரசன் காலை உயர்த்திக்கொண்டு நாற்காலியில் ஏறி நின்றான். அன்றைக்கு அவன் எதையும் படமெடுக்கவில்லை. பழனிவேலுக்கோ, தான் செய்தது சரிதான் என்று உறுதியாகிவிட்டது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒரு காரியத்தைத் தைரியமாகச் செய்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரி நாள் வந்தது. புவனேஸ்வரி ஒரு கட்டைப்பையோடு ஏறினாள். ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடந்த நேரம் பூராவும் பையைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தாள். திரும்பும்போது அவள் படுக்கவில்லை. கால்மாட்டுப் பக்கத்தைக் காலியாக விட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

பேரளி தாண்டியது. ஐந்தாம் கியரிலும் எஞ்சின் இரைந்தது, முன்னைப் போல மோசமில்லை என்றாலும் இரைந்தது. காலை எடுத்தால் வேகம் குறைந்தது. எல்லாம் ஒரு வண்டி எப்படி ஓட வேண்டுமோ அப்படி. பழனிவேலுக்கு ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் தெரிந்தது, எதிரே வந்த ஒவ்வொரு லாரியும் தெரிந்தது. மறதி எட்டிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தார். புவனேஸ்வரி பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடியில் வைத்து மடிப்பு நீவிக்கொண்டிருந்தாள். முத்தமிழின் நீலக் கட்டம் போட்ட சட்டை. பக்கத்தில் ஒரு கைலி.

அதெல்லாம் எதற்கு என்று கேட்டார்.

"நீங்கதானே சொன்னீங்க, ஈரத்தோட வூட்டுக்கு வந்தா சளி புடிக்கும், மாத்துத்துணி எடுத்துக்கிட்டு வான்னு."

கப்பிச்சாலை முனை வந்தது. வண்டி அதைத் தாண்டியது. அவள் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள், பிறகு அவர் தோளைத் தொட்டாள். "ஏங்க, முனை தாண்டிப் போவுதுங்க" என்றாள், தூக்கத்தில் பஸ் ஸ்டாப்பை விட்டுவிட்ட ஒருவரை எழுப்புகிற மாதிரி.

பழனிவேல் ஓரம்கட்டி நிறுத்தினார். ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆக்சில் எங்கிருந்து வந்தது, அந்தக் காருக்குள் யாரோ இருந்தது, மீட்டர் குறைந்தது, அது அவளைக் கூட்டிப் போக நெருங்கி வந்தது, கழற்றி வெட்டிப் போட்டது. எனக்கு நீ வேண்டும் என்றார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஒன்றும் புரியாத குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"அது எங்கங்க நம்மள தேடி வந்துச்சு? நாமதான் அவன ஏத்திக்கிட்டு வந்தோம். குழிலேருந்து மேல வர்ற ரோட்டுல வண்டிக்கு இழுவை பத்தல, மூணு பேர வச்சு ஏற மாட்டேன்னுடுச்சு. ஒவ்வொரு தடவையும் முடிஞ்ச மட்டும் ஏத்தி எறக்கி விட்டோம். போன தடவ அந்த லாரி எடைமேடை வரைக்கும் கொண்டாந்துட்டோம். இங்கேயே நில்லுடா, அடுத்த தடவ அப்பா வந்து வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அவன் கையில அடிச்சு சத்தியம் பண்ணீங்க."

பழனிவேல் வண்டியைத் திருப்பினார். கப்பிச்சாலையில் இறக்கினார். முதல் மேட்டிலேயே பழைய ஆக்சில் அநாயாசமாக இழுத்தது, இன்னும் பத்துப் பேரை ஏற்றினாலும் இழுக்கும்போல. அதைக் கேட்கக் கேட்க அவர் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார். கொஞ்ச தூரத்தில் கைவிடப்பட்ட எடைமேடை வந்தது. லாரிகள் ஏறி நின்ற இரும்புத்தகடு துருப்பிடித்துக் கிடந்தது. பக்கத்து அறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சுற்றிலும் வேலிக்கருவை, வெள்ளை மண், மத்தியான வெயில். ஓர் ஆள் இல்லை. இரும்புத்தகட்டின் ஓரமாக மண் கொஞ்சம் ஈரமாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் காய்ந்துகொண்டிருந்தது.

இறங்கி ஓடினார். ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தார். முத்தமிழ் என்று கூப்பிட்டார். மூன்று வருஷமாக அந்தப் பேரை அவர் சத்தமாகச் சொன்னதில்லை. அப்பா வந்திருக்கேன்டா, ஏறிக்கடா, வூட்டுக்குப் போவலாம் என்று கருவைப் புதர்களைப் பார்த்தும், காலி ரோட்டைப் பார்த்தும், தனக்கு முன்னால் இருந்த வெறும் காற்றைப் பார்த்தும் சொன்னார். எந்தத் திசையைப் பார்த்துச் சொல்வது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தூரத்தில் பெரம்பலூர் ரோட்டில் லாரிகள் போகும் சத்தம் மட்டும் வந்தது.

புவனேஸ்வரி சட்டையும் கைலியுமாக இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் நிக்கிறான்னு சொல்லு புவனா. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

அவள் எடைமேடையைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு குழி இருந்த பக்கம் நெடுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் இத்தனை நாளாக இருந்த வெளிச்சம் அவர் கண் முன்னாலேயே போய்விட்டது.

"எனக்கும் தெரியலைங்க" என்றாள்.